சுனாபட்டி ஸ்டேஷனும் காதால் படிக்கும் கதைகளும்

ஹார்பர் லைனில் செம்பூரில் ஏறினால் திலக் நகர், குர்லா தாண்டியதும் சுனாபட்டி. வண்டி அரை நிமிஷம் நிற்கும். யாரும் தலை தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தில்தான் மராத்தி விஞ்ஞான் பரிஷத் இருக்கிறது. விஞ்ஞானத்தை மராத்தியில் சொல்லவேண்டும் என்று 1966ல் ஆரம்பித்த அமைப்பு. ரயிலில் அறிவியல் புனைகதை கேட்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

1974ல் பரிஷத் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் ஒரு கதை வந்தது. தலைப்பு 'கிருஷ்ண விவர்', அதாவது கருந்துளை. முதல் பரிசு அதற்குத்தான். யாரப்பா இந்த ஜக்தாப் என்று பார்த்தால், ஜயந்த் விஷ்ணு நார்லிகர்! கேம்பிரிட்ஜில் ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து ஈர்ப்புக் கொள்கை எழுதியவர், 1972ல் கொலாபா டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி வந்திருந்தார். தன் இனிஷியல்களைத் தலைகீழாகத் திருப்பிப் புனைபெயர் செய்துகொண்டார். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மனைவியைவிட்டுப் பிரதி எடுத்து அனுப்பினாராம். 1965லேயே பத்மபூஷண் வாங்கிய மனுஷர். சொந்தப் பெயரைப் போட்டிருந்தால் நடுவர்கள் கதையைப் படித்திருப்பார்களா, பெயரைப் படித்திருப்பார்களா?

பிறகு அவர் மராத்தியில் எழுதிக்கொண்டே இருந்தார். 2021 டிசம்பரில் நாசிக்கில் நடந்த மராத்தி சாகித்ய சம்மேளனத்துக்கு அவர்தான் தலைவர். 2025 மே மாதம் புனேயில் காலமானார். என் பார்வையில் அந்த 1974 போட்டிதான் இதற்கெல்லாம் விதை. எழுதுகிறவனுக்கு ஒரு இடம், ஒரு பரிசு, ஒரு தேதி. அவ்வளவு போதும்.

நிற்க. இப்போது பாட்காஸ்ட்.

காலை 8.40க்கு செம்பூரில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் புத்தகம் விரிக்க முடியாது. இரண்டு கையும் மேலே, பை மார்பில், அடுத்தவர் முழங்கை நம் விலாவில். மிச்சம் இருப்பது காது மட்டும்தான். சிஎஸ்எம்டி போய்ச் சேருவதற்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும். நாவல் சரிப்படாது, நேற்று எங்கே விட்டோம் என்பது வடாலா வரும்வரை நினைவுக்கு வராது.

நான் அதிகம் கேட்பது 'எஸ்கேப் பாட்'. 2005 மே மாதம் அமெரிக்காவில் ஆரம்பித்தது. 'பாட்காஸ்டிங்' என்ற வார்த்தைக்கே அப்போது ஒரு வயதுதான், 2004ல் கார்டியன் பத்திரிகைக் கட்டுரையில் வந்தது. அடுத்து திகில் கதைகளுக்கு 'சூடோபாட்' 2006ல், மாயாஜாலக் கதைகளுக்கு 'பாட்காஸில்' 2008ல். கேட்பவர்களுக்கு இலவசம், எழுத்தாளருக்குப் பணம், பணம் வருவது கேட்பவர்கள் கொடுக்கும் நன்கொடையிலிருந்து. காமர்ஸ் படித்தவன் புத்தி, காசு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்கும். இந்தக் கணக்கு சுமார் இருபது வருஷமாக நிற்கிறது என்பது எனக்குக் கதைகளைவிடப் பெரிய ஆச்சரியம்.

கதையைக் காதால் கேட்பது மட்டும் புதுசில்லை. 1938 ஜூன் 16ல் சென்னை வானொலி நிலையம் ஆரம்பித்தது. அதே வருஷம் அக்டோபர் 30ல் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாடகத்தைச் செய்திமாதிரி ஒலிபரப்பினார். (ஊரே அலறி ஓடியது என்பது பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிய பலூன்.) 1950ல் என்பிசி வானொலியில் 'டைமன்ஷன் எக்ஸ்', 1955ல் 'எக்ஸ் மைனஸ் ஒன்'. இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்' நாடகத்தைக் கேட்டுப் பாருங்கள். மனிதர்கள் யாரும் மிச்சமில்லாத வீட்டில் இயந்திரங்கள் காலை உணவு சமைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அச்சில் படித்தபோது நல்ல கதை என்று நினைத்தேன். அந்த இயந்திரக் குரலைக் கேட்டபோது ரே ரோடு போனதே தெரியவில்லை.

நமக்கும் காதுப் பழக்கம் உண்டு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்றால் தெருவே அடங்கும். ஒரு முழுப்படத்தை ஒரு மணி நேரத்தில் காதாலேயே பார்ப்போம். விஞ்ஞானக் கதையும் உண்டு, சுஜாதா இருந்தார். 'என் இனிய இயந்திரா'வில் பேசும் ரோபோ நாய் ஜீனோவை மறந்த தமிழன் உண்டா? ஆனால் விகடன் தொடராக, பிறகு டிவியாக வந்ததோடு சரி. சுஜாதாவுக்குப் பின்னால் சுனாபட்டி மாதிரி ஒரு இடம் நம்மிடம் பெரிதாக உருவாகவில்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம்.

எனக்கு இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. என் பெண் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி. தமிழ் வீட்டில்தான். பேசுவாள், பாட்டி திட்டினால் வார்த்தைக்கு வார்த்தை புரியும், படிக்க வராது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. மாதுங்காவிலும் செம்பூரிலும் எங்களை மாதிரி ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை, அதுதான் நிஜம். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதை போகவேண்டுமென்றால் இருக்கிற ஒரே வாசல் காதுதான்.

சரி, நானே வாசித்துப் பதிவு செய்து ஊருக்கெல்லாம் போட்டால்? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த வருஷத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் காப்புரிமை. சுஜாதா மறைந்தது 2008. ஆக, 2068 முடியும்வரை அனுமதி வேண்டும். அப்போது என் பெண்ணே ரிடையராகும் வயதில் இருப்பாள். புதுமைப்பித்தன் மறைந்தது 1948. அவரை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

எனவே 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. விஞ்ஞானம் இல்லைதான், ஆனால் கடவுள் சென்னைக்கு வந்து காபி குடிப்பதைவிடப் பெரிய ஃபேன்டஸி என்ன வேண்டும்? கதையில் பாதி பேச்சு, காதுக்கென்றே எழுதினமாதிரி. குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பார்த்து, ஃபேனை நிறுத்தி, மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் பதிந்தேன். என் பெண் இயர்போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். கடவுளிடமே ஆயுள் சந்தா பேசும் இடத்துக்கு மட்டும் நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை, சத்தம் போட்டுச் சிரித்தாள்.