சொதப்புன லேண்டிங்கை விட்டுடத் தெரியணும்

பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர் போறப்ப, சூலூர் பக்கம் வானத்துல உறுமல் கேட்டு நிமிர்ந்து பார்த்திருப்பீங்க. அந்த சூலூருக்குக் கடைசியில வருவோம். இன்னைக்குக் கேள்வி இதுதான்: பைலட் படிக்கிறவங்க ஏன் தரையிறங்கும்போது அதிகமா தடுமாறுறாங்க?

கதை 1917-ல தொடங்குது. முதல் உலகப் போர் நேரம். எதிரியைப் பார்க்கும் முன்னாடியே, பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்கள் செத்துக்கிட்டிருந்தாங்க. இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி பாடத்தையே மாத்தினார். அதுவரை "ஆபத்துப் பக்கமே போகாதே" என்பதுதான் பாடம். அவரோ, ஆசிரியர் கூட இருக்கும்போதே மாணவன் அந்தச் சிக்கலுக்குள்ள போகணும், அதிலிருந்து மீண்டு வரவும் கத்துக்கணும்னு சொன்னார்.

அடுத்து 1931-ல் டைகர் மாத் வந்தது. நம்ம ஊர் ஃபிளையிங் கிளப்புகள்லயும் பல வருஷம் பறந்த விமானம். முன்னாடி ரெண்டு சக்கரம், வாலுக்கு அடியில ஒரு சறுக்குக் கட்டை. எடை சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கும். அதனால தரையில ஓடும்போது கொஞ்சம் கோணினாலும், வால் முன்னாடி வரப் பார்த்து, விமானமே சுத்திடும். இறக்கை தரையில உரசும்.

இதுக்குத் தீர்வா மூக்குச் சக்கரம் பரவலாச்சு. செஸ்னா கம்பெனி 1956-ல் 172 மாடலைக் கொண்டுவந்து, அந்தச் சக்கர அமைப்புக்கு 'லேண்ட்-ஓ-மேட்டிக்'னே பேர் வெச்சு விளம்பரம் பண்ணுச்சு. சுத்துறது குறைஞ்சது. ஆனா ஒரு பக் ஃபிக்ஸ் பண்ணா இன்னொண்ணு வரும்தானே? வேகமா வந்து மூக்குச் சக்கரத்தை முதல்ல தரையில வெச்சா விமானம் பந்து மாதிரி எகிறும். பதறின மாணவர் கண்ட்ரோலை முன்னாடி தள்ளுவார். மறுபடி மூக்கு குத்தும், முன்னைவிட பலமா எகிறும். ரெண்டு மூணு தடவைக்குள்ள மூக்குச் சக்கரம் உடைஞ்சு, புரொப்பெல்லர் தரையில அடிக்கும்.

இதுல முதல் எகிறலைவிட, கெட்டுப்போன லேண்டிங்கை எப்படியாவது காப்பாத்திடலாம்னு நினைக்கிறதுதான் பெரிய ஆபத்து. எஞ்சினுக்கு முழு பவர் கொடுத்து, மேலே ஏறி, ஒரு சுத்து சுத்தி வரலாம். இதுக்குப் பேர் 'கோ-அரவுண்ட்'. நம்ம பாஷையில ரோல்பேக்.

இப்ப சூலூர். 1961 செப்டம்பர் 5-ல் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா அங்கதான் தொடங்குச்சு. 1964-ல் கோவாவுக்குப் போச்சு. விமானந்தாங்கிக் கப்பல்ல இறங்குற ஜெட் பைலட், சக்கரம் தளத்தைத் தொட்டதுமே முழு பவர் கொடுப்பார். கொக்கி கம்பியில மாட்டலைன்னா அப்படியே பறந்துடணும்ல! அங்க திரும்பப் பறக்கிறது தோல்வி இல்லீங்க, திட்டத்துலயே இருக்கிற விஷயம்.

இந்தியாவுல கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும். மணிக்கணக்குலதான் காசு. தோட்டத்தை அடமானம் வெச்சு அனுப்பின அப்பா முகம் ஞாபகம் வர்ற பொண்ணுக்கு, இன்னொரு சுத்து போறது வீண் செலவா தெரியலாம். பின் சீட்டும் காலி, பக்கத்து சீட்டும் காலி. தனியா முதல் தடவை இறங்குற அந்த நிமிஷத்துல, "பரவாயில்ல கண்ணு, இன்னொரு சுத்து போயிட்டு வா" என்ற குரல் அவளுக்குள்ள கேட்கணும். 1917-ல ஆரம்பிச்ச பாடம் அதுதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம், வரட்டுங்களா!