வெண்ணிறமாய் வரைந்த குருதி

மாதவிலக்கைக் குறிக்கும் 'பூப்பு' என்னும் சொல்லைத் தொல்காப்பியமே ஆண்டுள்ளது. சொல் பழையது, ஆயினும் அதன் உடற்கூற்றுப் பொருளைச் சிறுமியருக்கென எழுதி வைத்தாரில்லை. அப்பணி பெரிதும் வணிகர் கைக்குப் போயிற்று என்பது வியப்பே.

முதல் உலகப்போரில் புண்கட்ட உதவிய மரக்கூழ்ப் பஞ்சைச் செவிலியர் தம் மாதத் தேவைக்கும் கொண்டனர். அதனின்றும் பிறந்ததே அமெரிக்கக் 'கோடெக்ஸ்' அணையாடை. விற்க வேண்டுமாயின் பேசவேண்டும். பேச்சுக்கோ நாணம் தடை. எனவே அந்நிறுவனம் தாய்க்கும் மகளுக்குமாகச் சிறுநூல்களை வெளியிட்டது. 1946இல் அதன் பொருளுதவியால் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'மாதவிலக்கின் கதை' என்னும் பத்து நிமிட வண்ணப்படத்தை ஆக்கியது. பள்ளிதோறும் அது ஓடிற்று. கூடவே ஒரு கையேடும் வழங்கப்பட்டது.

அப்படத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பெண்ணுறுப்பின் பெயரைக் கூசாது உரைத்தது. நீராடலாம், உடற்பயிற்சி செய்யலாம் எனத் தேற்றியது. 'தொடாதே, தள்ளியிரு' என்பதையே பாடமாகக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்விரு சொற்களின் அருமை தெரியும். எனினும் கருப்பை விளக்கப்படத்தில் வெளியேறும் குருதி வெண்மையாகவே வரையப்பட்டது! கறையை மறைக்கும் பொருளை விற்பவர் செந்நிறத்தைக் காட்ட அஞ்சினர் போலும். கரு எவ்வாறு உண்டாகிறது என்பதையும் படம் விளக்காமல் விட்டது.

2015இல் அமெரிக்கா அதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்குள் நம் நாட்டில் அதிதி குப்தாவும் துஹின் பாலும் 'மென்ஸ்ட்ருபீடியா' சித்திரக்கதையைப் படைத்துவிட்டனர். அதில் ஐயந்தீர்ப்பவள் பிரியா என்னும் அக்காள்.