நொய்க்கு வந்த குருவி

எங்கள் தென்காசிப் பக்கத்தில் குருவிக்கு இரண்டு நியாயம். கதிர் பால்பிடிக்கும் நாளில் தகர டப்பாவைக் கையில் கொடுத்து என்னை வரப்புக்கு விரட்டும் ஆச்சி, சாயங்காலம் தார்சாவில் உட்கார்ந்து நொய் இறைப்பாள். கேட்டால், "அது நம்ம பங்கு இல்லலே, அது பங்கு" என்பாள்.

ஆளும் வேறு. வயலில் கூட்டமாக இறங்குவது பெரும்பாலும் தூக்கணாங்குருவியும் சில்லையும். வீட்டுக்குள் வருவது சிட்டுக்குருவி. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், தொண்டை கறுப்பு. பெட்டை மங்கிய பழுப்பு. கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. பெண் தூக்கணாங்குருவியும் ஏறக்குறைய அதே சாயல்தான், ஏமாற்றிவிடும்.

வயல் தகராறு பழையது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர் நிலங்களில் பறவைகள் வந்து மேய்வதும் பறவை பிடிக்கும் சிங்கன் கண்ணியோடு அலைவதும் பாட்டுப் பாட்டாக நீள்கிறது. வீட்டுக்குருவியின் வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது பெண்களின் சுளகில் கிடக்கிறது.

சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரு போகமும் அறுத்துக் களம் சேரும். முதல் கதிர்களைக் கொத்தாகப் பின்னி வாசல் நிலையில் கட்டுவோம். திருவிதாங்கூர்க் கோவில்களில் இதற்கு நிறைபுத்தரிசி என்று சடங்கே உண்டு. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. கட்டியது சாமிக்கு, தின்றது குருவி. பிறகு உரலில் குத்து, சுளகில் புடை. சிதறிய நொய்யும் தவிட்டுப் புழுவும் அதற்கு. தானம் என்று யாரும் நினைத்துச் செய்ததில்லை.

பாரதி சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிக்கு இறைத்த கதையை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அவர் மனைவி செல்லம்மாள் பக்கம்தான் மனசு போகும். அவர் இங்கே கடையத்துக்காரர். குருவிக்கு முழு அரிசி எதற்கு, நொய் போதாதா என்று அவருக்குத் தோன்றியிருக்காதா?

உரல் போய் ரைஸ்மில் வந்தது. ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்தது. கூடு கட்டச் சந்தில்லை. இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது, களத்துக்கு வேலை குறைந்துவிட்டது.

2010 முதல் மார்ச் 20-ஐச் சிட்டுக்குருவி நாள் என்கிறார்கள். அன்று கம்பும் தினையும் வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: குஞ்சுக்குத் தானியம் ஆகாது, தாய்க்குருவி பூச்சிதான் ஊட்டும். இதே மறதியில்தான் 1958-இல் தானியத்தைத் தின்கிறதென்று சீனா குருவிகளைக் கொன்று குவித்தது. பூச்சி பெருகிப் பயிர் போனபின், 1960-இல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தது. ஆகவே தோட்டத்தில் மருந்தடித்துவிட்டுத் திண்ணையில் கம்பு வைப்பதில் அர்த்தமில்லை. கூட்டுப்பெட்டி மாட்டுவதாக இருந்தால் வாசலை மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வெட்டுங்கள்; தாராளம் காட்டினால் மைனா குடியேறிவிடும்.