பிரித்தானிய வீடுகளின் முன்தோட்ட இரும்புக் கிராதி

பிரித்தானிய நகரங்களில் வீட்டின் முன்தோட்டத்தைத் தெருவிலிருந்து பிரிக்கும் குட்டைச் சுவரின் மேல் நிறுத்தப்படும் கம்பி அடைப்பு இரும்புக் கிராதி எனப்படும். பழைய தெருக்கள் பலவற்றில் இச்சுவர்களின் மேற்கல்லில், சீரான இடைவெளியில், துருவேறிய கம்பிக் கட்டைகள் மட்டும் எஞ்சியிருப்பதைக் காணலாம். இரண்டாம் உலகப் போரின்போது அறுத்தெடுக்கப்பட்ட கிராதிகளின் அடிப்பகுதிகள் அவை. தம் வீட்டுக்குத் தாமே கிராதி செய்ய முனைவோருக்கு இன்று வழிகாட்டுபவையும் அவையே.

தேனிரும்பும் வார்ப்பிரும்பும்

18ஆம் நூற்றாண்டு லண்டன் தொடர்வீடுகளில் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, நிலவறைக்கு வெளிச்சம் தருவதற்காக ஒரு பள்ளம் விடப்பட்டது. நடந்துபோவோர் அதில் விழாமல் காப்பதே கிராதியின் முதல் வேலை. கொல்லர் தேனிரும்பை உலையில் காய்ச்சி, கிடைப்பட்டையில் துளையிட்டு, நிலைக்கம்பிகளைச் செருகி, முனையைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். கம்பியின் அடியைக் கல்லில் குடைந்த குழியில் நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். பற்றவைப்பு இல்லாத காலத்து வேலை அது. ஆயினும் நூற்றாண்டுகள் தாங்கியது.

லண்டன் புனித பவுல் பேராலயத்தைச் சுற்றி 1714இல் முடிக்கப்பட்ட வேலி, வார்ப்பிரும்பை இப்பணிக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் தேனிரும்பையே விரும்பினார். அவர் சொல் எடுபடவில்லை. (பின்னர் அகற்றப்பட்ட அவ்வேலியின் ஒரு பகுதி கனடாவின் டொராண்டோ நகரில் ஹை பூங்காவில் நிற்கிறது.) 1780களில் ஹென்றி கோர்ட் கண்ட முறைகளால் உருளையில் நீட்டிய தேனிரும்புக் கம்பி மலிந்தது. விக்டோரியா காலத்தில் ஈட்டிமுனை, பூமொட்டு போன்ற வார்ப்புத் தலைகளை வார்ப்பாலைகளின் விலைப்பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்க முடிந்தது. செல்வர் வாசலில் நின்ற கிராதி எழுத்தர் வீட்டுக்கும் வந்தது இப்படித்தான்.

போர்க்கால அகற்றல்

1941இல், போர்த் தளவாடங்களுக்கான பழைய இரும்புக்காகக் கிராதிகளைக் கட்டாயமாக எடுக்க அரசு ஆணையிட்டது. கலை அல்லது வரலாற்று மதிப்புடையவையும் பாதுகாப்புக்குத் தேவையானவையும் விலக்குப் பெறலாம். சாதாரணத் தெருக்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. இழப்பு பெரிதும் அவற்றின் தலையில் விழுந்தது. சேர்த்த இரும்பு தேம்ஸ் முகத்துவாரத்தில் கொட்டப்பட்டது என்ற கதை இன்றும் உலவுகிறது; அது மெய்ப்பிக்கப்படவில்லை.

எல்லாரும் வருந்தவில்லை. பூட்டிக் கிடந்த லண்டன் சதுக்கத் தோட்டங்கள் கிராதி போனதால் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. அவற்றை மீண்டும் அடைப்பதை 1944இல் ஜார்ஜ் ஆர்வெல் ‘டிரிபியூன்’ இதழில் கண்டித்தார். அவர் கேள்வி நியாயமானதே. ஆனால் சிறு வீட்டின் முன்தோட்டத்துக்கு அது பொருந்தாது.

போருக்குப்பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. விமானத் தாக்குதலில் காயமுற்றோரைத் தூக்கச் செய்து வைத்திருந்த எஃகுத் தூக்குப்படுக்கைகள் தேவையற்றுப் போயின. லண்டன் மாவட்ட மன்றம் அவற்றைப் பக்கவாட்டில் நிமிர்த்திக் குடியிருப்புகளுக்கு வேலியாக்கியது. படுக்கையைத் தரையில் படாமல் நிறுத்திய குழாய் வளைவுகளைத் தென்லண்டனில் இன்றும் அடையாளம் காணலாம்.

மீண்டும் செய்தல்

பழைய கிராதியை மீட்டுச் செய்பவர் முதலில் கட்டைகளை அளக்கிறார்: கம்பியின் தடிமன், சதுரமா உருளையா, நடு இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் அங்கேயே இருக்கின்றன. உயரமும் தலையின் வடிவமும் கல்லில் இல்லை. அவற்றுக்குப் பழைய ஒளிப்படமோ தப்பிப் பிழைத்த அண்டை வீட்டுக் கிராதியோ வேண்டும். தேனிரும்பு உற்பத்தி அருகிவிட்டதால் மென்னெஃகுக் கம்பியை வாங்கி, அறுத்து, மின்வில்லால் பற்றவைப்பதே இன்றைய வீட்டு முறை. மென்னெஃகு எளிதில் துருப்பிடிக்கும். துருவாகும் இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். ஆகவே துத்தநாகம் பூசிய பிறகே வண்ணம் அடிப்பது நல்லது. இங்கிலாந்தில் வண்டிகள் செல்லும் சாலையை ஒட்டிய அடைப்பு 1 மீட்டரைத் தாண்டினால் பொதுவாகத் திட்ட அனுமதி தேவை. பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடமாயின், உயரம் எதுவானாலும் வேலை தொடங்குமுன் உள்ளாட்சியிடம் கேட்டாக வேண்டும்.