ரி-10 சான்றிதழில் ஓர் எழுத்து பிழைத்தால்

2025 ஏப்ரல் 1 முதல் மாதச் சம்பளம் ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஏ.பி.ஐ.ரி எனப்படும் முற்பணத் தனிநபர் வருமான வரி கழிக்கப்படுகிறது. 180,000 ரூபாய் வாங்குபவருக்கு மேலதிக 30,000 ரூபாயில் 6 வீதம், அதாவது மாதம் 1,800 ரூபாய், வருடத்துக்கு 21,600. மார்ச் 31இல் மதிப்பாண்டு முடிந்ததும் தொழில்தருநர் தருகின்ற ரி-10 சான்றிதழில் இந்தத் தொகை இருக்க வேண்டும்.

அங்கே 12,600 என்று இருந்தால்? மீதி 9,000 ரூபாயை நீங்கள் கட்டவில்லை என்றே கணக்கு காட்டும். இரண்டு இலக்கங்கள் இடம்மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கணக்காளர்கள் பிழை தேடும் பழைய வழி இது. நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

எங்கள் பகுதிகளில் தொகையைவிடப் பெயரும் இலக்கமுமே கூடுதலாகச் சிக்கல் தருகின்றன. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து மறுபடி எடுத்தவர்களுக்கு, பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக நிற்கும், இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகிவிடும். பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்கு முன்னால் 19ஐப் போட்டால் புதிய இலக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியமும் சேர்ந்தால்தான் பன்னிரண்டு வரும்.

பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், வரி செலுத்துநர் அடையாள இலக்கமான ரின் சரியென்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ரின் பிழைத்தால் உங்கள் சம்பளத்தில் கழித்த பணம் உங்கள் பெயரில் வரவு வைக்கப்படாமல் போகலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சான்றிதழில் நீங்களே பேனையால் திருத்தாதீர்கள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் கூட்டிப் பார்த்து, பிழையைக் குறிப்பிட்டு, தொழில்தருநரிடம் எழுத்தில் திருத்திய ரி-10 கேளுங்கள். ஏப்ரல் 30க்குள் அவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் வருடாந்தக் கூற்றிலும் அதே பிழை இருக்கும். அதையும் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் கையிலுள்ள தாள் மட்டும் சரியாகிப் பயனில்லை. வருமான விபரத்திரட்டைக் கொடுக்க நவம்பர் 30 வரை காலம் இருக்கிறது. அதற்குள் இது முடிய வேண்டும்.

நிறுவனம் மூடப்பட்டாலோ, பதிலே தராவிட்டாலோ, சம்பளச் சீட்டுகள், சம்பளம் வைப்பிலிட்ட வங்கிக் கூற்று, அனுப்பிய கடிதத்தின் பிரதி ஆகியவற்றோடு திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குச் செல்லலாம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று காட்ட சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி உதவும். அதில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதும் இதே எழுத்துக்கூட்டல் பிரச்சினை வரும்.