எந்தக் கயிறு? எப்போ அவிழ்ப்பீங்க?

சென்னையில் பாய்மரப் படகு ஓட்டும் நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "பழைய கேட்டமரான் ஒண்ணு வாங்கியிருக்கேன். ட்ராம்போலினைக் கட்ட எந்தக் கயிறு நல்லது?" இரண்டு மிதவைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டும் வலைத்துணிதான் ட்ராம்போலின், ஓட்டுகிறவர் அதன் மேல்தான் உட்காருவார். குன்னூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டமரான் நம்ம கட்டுமரம்தானே என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். 1876-இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை மிதவைப் படகைப் பந்தயத்தில் ஓட்டினார். மிதவைகள் தனித்தனியே அசைய மூட்டுகள் வைத்திருந்தார். பெயர் இங்கிருந்து போனது, அமைப்பு வேறு.

கட்டுமரத்தில் எடை குறைந்த மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், ஏன்னா ஊறின மரம் கனக்கும். ஆக, கயிறு உப்புநீரைத் தாங்கணும், அலை அடிக்கும்போது கொஞ்சம் நெகிழணும், சீக்கிரம் அவிழணும். தேங்காய்நார்க் கயிறு பெரிய பலசாலி இல்லை. ஆனால் அறுவதற்கு முன் நன்றாக நீளும். லிக்னின் அதிகம் என்பதால் கடல்நீரில் லேசில் மக்காது.

எங்க மலையில் இதற்கு நேர்மாறான கட்டு இருக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் மந்து ஒன்று உண்டு. தோடர்களின் பழைய பாணிக் குடிசையில் வளைத்த மூங்கிலைப் பிரம்பால் கட்டியிருப்பார்கள். ஊறின பிரம்பு வளையும், காய்ந்தால் விறைக்கும். நிமிரப் பார்க்கும் மூங்கிலை வருஷக்கணக்கில் பிடித்து வைக்க அதுதான் சரி. அதைத் தினமும் அவிழ்க்கிற வேலை இல்லை.

நண்பருடைய கட்டு மூன்றாவது வகை. தினமும் அவிழ்க்க வேண்டாம், ஆனால் தொய்ந்தால் அப்பப்போ இழுத்து முறுக்கணும். நைலான் நனைந்தால் நீளும். ட்ராம்போலின் தொங்கிப் போகும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். டைனீமா நீளாது, மிகப் பலம்; ஆனால் வழுக்கும், முடிச்சு நழுவும், விலையும் அதிகம். அதனால் 4 அல்லது 5 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் வாங்கச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: முழுவதையும் ஒரே கயிற்றில் கோக்காதீங்க. ஒரு இடத்தில் தேய்ந்து அறுந்தால் மொத்தமும் போச்சு. கட்டுமரத்திலும் முன்கட்டு வேறு, பின்கட்டு வேறு.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரங்கள் குறைந்தன. மீனவரின் உழைப்பு குறைந்தால் நல்லதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். ஆனால் எந்தச் சுற்றுக்குப் பிறகு எந்தச் சுற்று, எங்கே இறுக்குவது என்பதெல்லாம் பார்த்துப் பழகும் கைவேலை. கடற்கரையில் யாராவது பெரியவர் கட்டுமரம் கட்டுவதைப் பார்த்தால், அவரைக் கேட்டுக்கொண்டு, முதல் சுற்றிலிருந்து கடைசி முடிச்சு வரை வீடியோ எடுத்து வையுங்க.