யேனாவில் பிறந்தது, க்ராஸ்னகோர்ஸ்க்கில் வளர்ந்தது

முன்வளையத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் படித்தாலே ஹீலியோஸ்-44-2 லென்ஸின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும். சோவியத் நாட்டுக்குள் விற்கப்பட்டதென்றால் பெயர் ரஷ்ய எழுத்தில் இருக்கும். ஏற்றுமதிக்கென்றால் ரோமன் எழுத்தில். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும்: 79 என்று தொடங்கினால் 1979. பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை. ஒரு பட்டகத்துக்குள் ஒளிக்கதிர் நுழைந்து வளைந்து வெளியேறுவதுபோல் இருந்தால், மாஸ்கோவை ஒட்டிய க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையின் சரக்கு. வால்தாய் நகரத்து ஆலையும் பெலாரஸின் மின்ஸ்க் ஆலையும் இதே லென்ஸைச் செய்தன. அவற்றுக்கு வேறு முத்திரைகள். வளையத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு சங்கதி உண்டு. இதன் பூர்வீகம் ஜெர்மனி.

யேனா நகரத்தில் கார்ல் ஸைஸ் நிறுவனம். அங்கே 1896இல் பால் ருடால்ஃப் 'பிளானர்' என்ற லென்ஸை வடிவமைத்தார். கணித மேதை காஸ் தொலைநோக்கிக்காக 1817இல் யோசித்த இரு கண்ணாடி அமைப்பை எதிரெதிராக இரண்டு ஜோடி வைத்ததுதான் அதன் அடிப்படை. காகிதத்தில் பிரமாதம், ஆனால் கண்ணாடிப் பரப்புகள் அதிகம், ஒவ்வொன்றிலும் ஒளி சிதறிப் படம் வெளிறியது. அதே ஸைஸில் பணியாற்றிய வில்லி மெர்ட்டே அந்த அமைப்பைச் சற்றே சமச்சீர் குலைத்து, வேகமான லென்ஸ்களுக்கு ஏற்றபடி மாற்றினார். அதற்கு 'பயோட்டார்' என்று பெயர். 1930களில் 35 மி.மீ. ஃபிலிமுக்கான எஸ்.எல்.ஆர். கேமராக்கள் தலைகாட்டியபோது அவற்றுக்கென 58 மி.மீ., எஃப்/2 பயோட்டார் வந்தது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள்.

அதென்ன 58? எல்லோரும் 50 என்கிறார்களே? எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி எழுந்து தாழ வேண்டும். அதற்கு இடம் விட்டால் லென்ஸ் ஃபிலிமை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இந்த அமைப்பில் எஃப்/2 வேகத்தையும் விடாமல் அவ்வளவு இடம் கொடுப்பது அன்றைக்கு 50 மி.மீட்டரில் சிரமம். எட்டு மில்லிமீட்டர் கூட்டியதால் தப்பித்தார்கள். அந்தச் சமாளிப்பின் பலன் இன்றும் நம் கைக்கு வருகிறது: முகங்களை எடுக்க 50ஐ விட 58 ஒரு பிடி வசதி.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. அந்தப் பகுதி சோவியத்துக்குப் போகப்போகிறது என்பது முன்பே முடிவானது. ஆகவே ஊரை ஒப்படைப்பதற்குள் ஸைஸின் முக்கிய நிபுணர்களை அமெரிக்கர்கள் மேற்கே அழைத்துச் சென்றுவிட்டார்கள். மெர்ட்டேயும் அமெரிக்கர்களிடம்தான் போய்ச் சேர்ந்தார், 1948இல் இறந்தார். சோவியத்துக்கு மிஞ்சியவை ஆலை, எந்திரங்கள், வரைபடங்கள், மீதி ஆட்கள். போர் இழப்பீடு என்ற கணக்கில் எந்திரங்கள் கிழக்கே ரயிலேறின. 1946 அக்டோபர் 22 விடியலில், ஒசோவியாகிம் நடவடிக்கை என்ற பெயரில், சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்கள் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டார்கள். ஒளியியல் தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் இறங்கிய இடம் க்ராஸ்னகோர்ஸ்க். திருட்டு என்பதா, நஷ்டஈடு என்பதா? யேனாக்காரரைக் கேட்டால் ஒன்று சொல்வார், 1941இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது ஆலையைப் பெயர்த்துக்கொண்டு சைபீரியாவுக்கு ஓடியவரைக் கேட்டால் வேறொன்று சொல்வார். அப்படிக் காலியான கட்டடங்களில்தான் 1942இல் க்ராஸ்னகோர்ஸ்க் எந்திர ஆலை எழுந்தது.

முதலில் வந்த லென்ஸுக்கு பி.டி.கே. என்று பெயர். விரித்தால் 'பயோட்டார் க்ராஸ்னகோர்ஸ்க்'. பூர்வீகத்தை மறைக்கவே இல்லை. பிறகு சோவியத் கண்ணாடி வகைகளுக்கு ஏற்றபடி வளைவுகளைத் திருத்திக் கணக்கிட்டு, 'ஹீலியோஸ்-44' ஆக்கினார்கள். 1958இல் வந்த 'ஸ்டார்ட்' கேமராவோடு அது வெளியே வந்தது. ஸ்டார்ட் ஓடவில்லை. ஸெனித் கேமராதான் ஓடியது. 1965இல் தொடங்கிய ஸெனித்-ஈ, க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் மட்டுமே 33 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதன் முகத்தில் மலிவுக்கு இண்டஸ்டார் லென்ஸ், கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் ஹீலியோஸ்.

ஸெனித்-ஈயை ஒரு தடவை கையில் எடுத்தவர்களுக்கு 44-2இல் ஏன் இரண்டு அப்பெர்ச்சர் வளையங்கள் என்பது விளங்கிவிடும். அந்தக் கேமராவில், ஷட்டர் திறக்கும் நொடியில் அப்பெர்ச்சரைத் தானாகச் சுருக்கும் ஏற்பாடு கிடையாது. வியூஃபைண்டரோ மங்கல், எஃப்/8க்குச் சுருக்கிவிட்டால் அதில் எதுவும் தெரியாது. எனவே முதல் வளையத்தில் உங்களுக்கு வேண்டிய எண்ணை வைத்துவிடுகிறீர்கள், எஃப்/5.6 என்று வைத்துக்கொள்வோம். அது இனி ஒரு தடுப்பு. இரண்டாவது வளையம் எஃப்/2இலிருந்து அந்தத் தடுப்பு வரைக்கும், நடுவில் எந்த 'டக்'கும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு சுற்றும். முழுக்கத் திறந்து வைத்து ஃபோக்கஸ் செய்ய வேண்டியது. பிறகு கண்ணை எடுக்காமல், விரலால் வளையத்தைத் தடுப்பில் முட்டும்வரை சுழற்றிவிட்டுக் கிளிக். அப்பெர்ச்சரின் எட்டு இதழ்களும் விரலோடு கூடவே மூடும். பழகிய கைக்கு இரண்டு நொடி வேலை.

மலிவான ஏற்பாடுதான். ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் கழித்தும் இந்த லென்ஸ்கள் வேலை செய்வதற்கு அதுவே ஒரு காரணம். தானியங்கி அப்பெர்ச்சர் வைத்த லென்ஸ்களில் இதழ்களை ஒரு சின்ன ஸ்பிரிங் இழுக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி இதழ்களில் எண்ணெய் படிந்தால் ஸ்பிரிங்குக்கு வலு போதாது, ஒட்டிக்கொள்ளும். 44-2இல் இதழ்களை நகர்த்துவது உங்கள் விரல். எண்ணெயாவது, மண்ணாவது!

இந்த லென்ஸுக்குப் பின்னாளில் பேர் வாங்கிக் கொடுத்ததோ ஒரு குறை. ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, பின்னால் இன்னும் சில மீட்டரில் வெயில் கசியும் மரக்கிளைகள் இருக்க, எஃப்/2இல் எடுத்தால், அந்த ஒளிப்பொட்டுகள் படத்தின் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். நடுவில் வட்டமாக இருக்கும் பொட்டு, ஓரத்துக்குப் போகப்போகப் பூனைக் கண்போல் ஒடுங்குகிறது. சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஆளுக்கொரு பக்கம் வெட்டுவதால் இது நேர்கிறது. கூடவே, ஃபோக்கஸ் ஆகும் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதும், ஓரங்களில் திருத்தப்படாத கோளாறும் சேர்ந்து, பொட்டுகளை ஒரே திசையில் வரிசை கட்ட வைக்கின்றன. மற்ற நாட்டு வடிவமைப்பாளர்கள் புதுக் கண்ணாடி வகைகளைக் கொண்டு இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு போனார்கள். சோவியத் ஆலைகளுக்கு எண்ணிக்கை இலக்கு இருந்தது; ஓடுகிற உற்பத்தி வரிசையை நிறுத்தி வடிவத்தை மாற்ற யாருக்கும் அவசரமில்லை. ஆக, 1930களின் ஒரு கணக்கு 1980கள் வரை கிட்டத்தட்ட அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது.

எஃப்/5.6க்குச் சுருக்கினால் சுழலும் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரணமான, கூர்மையான நல்ல லென்ஸ். இணையத்தில் இந்தச் சுழலுக்காகவே வாங்குகிறவர்கள் பத்துப் படத்தில் அலுத்துப்போவதை நான் பார்க்கிறேன். எல்லா முகத்துக்குப் பின்னாலும் மரம் சுழன்றால், கடைசியில் மரம்தான் ஞாபகமிருக்கும்.

பிறகு வந்த சரிவைச் சுருக்கமாகச் சொல்லலாம். இதன் பின்பக்க மரை எம்42: விட்டம் 42 மி.மீ., மரைகளுக்கிடையே 1 மி.மீ. 1949இல் டிரெஸ்டனில் வந்த கான்டாக்ஸ்-எஸ் அதைப் பிரபலப்படுத்தியது. பிராக்டிகா, பென்டாக்ஸ், ஸெனித் எல்லாம் அதே மரை. 1975இல் பென்டாக்ஸே திருகும் மரையைக் கைவிட்டு, ஒரு திருப்பில் பூட்டும் பயோனெட்டுக்கு மாறியது. 1985இல் மினோல்டா 7000 ஆட்டோஃபோக்கஸைப் பிரபலமாக்கியது. 1991இல் சோவியத் நாடே இல்லை. லட்சக்கணக்கான ஹீலியோஸ்கள் மேசை இழுப்பறைகளிலும் சந்தைப் பரப்புகளிலும் போய்ச் சேர்ந்தன.

அவற்றை வெளியே எடுத்தது ஒரு கழித்தல் கணக்கு. எம்42 லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். கேனான் இ.எஃப். கேமராவில் அந்தத் தூரம் 44. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு உலோக வளையம் போதும். நிக்கானில் 46.5. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் அதிகம். கூடுதல் கண்ணாடி இல்லாமல் தொலைதூரம் ஃபோக்கஸ் ஆகாது. நிக்கான்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். 2008இல் வந்த பானசோனிக் ஜி1, கேமராவுக்குள் எழுந்து தாழும் அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடியையே எடுத்துவிட்டது. 2013இல் சோனி ஏ7 முழு ஃபிரேம் சென்சாரோடு வந்தது. சோனியில் அந்தத் தூரம் 18 மட்டுமே. மீதி 27.46 மில்லிமீட்டருக்கு ஒரு வெற்றுக் குழாய் போட்டால் ஹீலியோஸ் உட்காரும்; அந்தந்த லென்ஸுக்கு ஏற்ற நீளத்தில் குழாய் போட்டால், உலகத்தில் இதுவரை செய்த எஸ்.எல்.ஆர். லென்ஸ்களில் பெரும்பாலானவை அதில் உட்காரும். கேமராக் கம்பெனி எதுவும் பழைய லென்ஸ்களுக்கு வாழ்வு கொடுப்போம் என்று நினைத்து இதைச் செய்யவில்லை.

மாட்டியதும் மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாமலே ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா முரண்டு பிடிக்கும். உடலிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 58 என்று எண்ணைச் சொல்லிவிட வேண்டும். ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவென்றால் அது 87 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தரும். சுழல் இருக்கிற ஓரம் வெட்டுப்பட்டுவிடும். ஃபோக்கஸ் பீக்கிங், கூர்மையான விளிம்புகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அதை முழுக்க நம்பக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/2இல் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் மூன்றரை சென்டிமீட்டர். கோடு மூக்கிலும் விழும், இமையிலும் விழும். திரையைப் பெரிதாக்கி, கண்ணைப் பார்த்து, வளையத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டாலே ஃபோக்கஸ் நகர்கிறது என்பது ஆட்டோஃபோக்கஸில் எனக்குத் தெரிந்ததே இல்லை. நான் இந்த லென்ஸை வைத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். ஓடியாடும் குழந்தையைப் படம் பிடிக்க இது உதவாது. பூத்தொடுக்கும் பாட்டிக்கு உதவும்.

சினிமாக்காரர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். உக்ரைனின் அயர்ன்கிளாஸ் நிறுவனம் பழைய சோவியத் லென்ஸ்களின் கண்ணாடியைக் கழற்றி, படப்பிடிப்புக்கு ஏற்ற புது உலோகக் கூட்டில் வைத்துத் தருகிறது. 2024இல் வந்த 'டூன்: பார்ட் டூ' படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசர் அப்படிப்பட்ட லென்ஸ்களையும் பயன்படுத்தினார்.

நம் ஊருக்கு வந்தால் இதற்கு முதல் எதிரி பூசணம். வறண்ட குளிரில் நாற்பது வருஷம் சும்மா கிடந்த லென்ஸ், சென்னையில் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் கண்ணாடிக்கு இடையில் வெள்ளை இழைகள் ஓடத் தொடங்கும். நாள்பட்டால் மேற்பூச்சைத் தின்று தழும்பாகிவிடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது. தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டிவைப்பதுதான் இதைக் கொல்ல நிச்சயமான வழி.

வாங்குகிறவர்கள் இதழ்களைத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி இருக்கட்டும், கவலையில்லை; இழை இருந்தால் வேண்டாம். ஃபோக்கஸ் வளையம் இறுக்கமாகச் சுற்றினால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, சரிசெய்துவிடலாம். சில சமயம் ஸெனித்-ஈ கேமராவோடு சேர்த்தே விலைக்கு வரும். அதன் தலையிலிருக்கும் செலீனிய மீட்டர் பெரும்பாலும் செத்திருக்கும், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஷட்டர் ஒழுங்காக இருந்தால் கேமராவைத் தூக்கிப் போட வேண்டாம்: நொடியில் 30இல் ஒன்று முதல் 500இல் ஒன்று வரை ஐந்து வேகம், பேட்டரியே தேவையில்லை, ஃபிலிம் சுருள் ஒன்று போட்டால் போதும்.